ஆந்தைப் பெட்டிக்கு நான் சொன்ன காரணம்

1. சாய்ந்த கம்பம்

காலைப் பெரட்டில், வேலைக்கு முன் வரிசையில் நின்ற ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஐயா, ஆந்தைப் பெட்டியச் சாச்சுப்புட்டானுங்க."

லாபு பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் அப்போது கண்டக்டர். வெளிக்காட்டு வேலையை, அதாவது மரங்களுக்கிடையே நடக்கும் வேலையை, மேற்பார்வை பார்ப்பவனுக்கு அங்கே அந்தப் பெயர். கைத்தொலைபேசி இன்னும் தோட்டத்துக்குள் வந்திராத காலம். எலிகள் பழக்குலைகளைத் தின்று தீர்த்தன. விஷக்கட்டி வைத்து அலுத்துப்போன நிர்வாகம், எலி பிடிக்கும் ஆந்தையைக் குடிவைக்கச் சொன்னது. உயரமான கம்பத்தில் ஒரு மரப்பெட்டி வைத்தால் போதும், ஆந்தை தானே வந்து குஞ்சு பொரிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் ஆந்தை அலறினால் சாவு விழும் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள்.

மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கத்தினார். "என்னா மேன், ஒரு பெட்டிய நிக்க வைக்க முடியாதா ஒன்னால? இனிமே ஒரு விஷக்கட்டிகூட காட்டுக்குள்ள போகக்கூடாது. செத்த எலியத் தின்னா ஆந்தையும் போயிரும். ஆளுங்ககிட்ட நீ பேசு லா."

மறுநாள் பெரட்டில் பேசினேன். ஒரு ஆந்தைக் குடும்பம் எத்தனை எலி தின்னும் என்று படம் காட்டி விளக்கினேன். குலை வெட்டும் கோவிந்தன் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தான்: "அம்புட்டு நல்ல பறவைன்னா ஒங்க குவாட்டர்ஸ் வாசல்ல ஒன்னு வைங்களேன், ஐயா!"

களமே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. அன்று மாலையே என் வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வைக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது.

2. ஆயாக் கொட்டகை

அறிவிப்புப் பலகையை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். பெரட்டில் சொல்வது காட்டு எல்லையோடு மறந்துபோகும். ஆயாக் கொட்டகையில் சொல்வது மட்டும் எல்லா வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேரும். வேலைக்குப் போகும் அம்மாக்கள் எல்லாரும் பிள்ளையை அங்கேதான் விடுவார்கள், திரும்பும்போது அங்கேதான் வந்து தூக்குவார்கள். பார்த்துக்கொள்பவர் அஞ்சலை. அந்த அம்மா புரளி பேசாதவர். அதனாலேயே அவர் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள்.

நான் போனபோது ஒரு குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"ஆயாம்மா, இந்த ஆந்தையப் பத்தி ஒரு சங்கதி தெரியுமா? சாவு வரப்போற வீட்டுப் பக்கம் இது தங்கவே தங்காது. இது குஞ்சு பொரிச்ச எடத்துல கெட்டது நடக்காது. எங்க தாத்தா சொல்லுவாரு."

என் தாத்தா அப்படி எதையும் சொன்னதில்லை.

"நெசமாவா ஐயா?"

"நெசந்தான்."

"அப்ப நல்ல சேதிதான்," என்று குழந்தைக்குச் சட்டை மாட்டினார்.

சில நாட்களுக்குள் கோவிந்தனே வந்து நின்றான். "ஐயா, எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு பெட்டி வைங்க. மாலதிக்கு மாப்ள பாத்திருக்கோம். நல்லது தங்கட்டும்."

பெட்டி வைத்தேன்; கொஞ்ச நாளில் ஒரு ஜோடி ஆந்தை அதில் குடியேறியது. மேனேஜர் என் தோளைத் தட்டினார். ஆட்களுக்கு எந்த மொழியில் சொன்னால் புரியும் என்று தெரிந்தவன் நான் என்று, மற்ற தோட்டத்துக் கண்டக்டர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

3. காலிப் பெட்டி

கோவிந்தன் வீட்டுப் பின்பக்கக் காட்டில் எலி மறுபடி தலைகாட்டியது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி. மேனேஜர் லீவில் இருந்தார். ஸ்டோரில் மிச்சமிருந்த விஷக்கட்டிகளை எடுத்து நானே அந்தக் காட்டில் வைத்தேன்.

கொஞ்ச நாளில் இரண்டு ஆந்தைகளும் செம்பனை அடியில் செத்துக் கிடந்தன. யாரும் பார்ப்பதற்குள் புதைத்தேன். ஆனால் பெட்டி காலியாக நிற்பதை மறைக்க முடியவில்லை.

ஆயாக் கொட்டகையில் பேச்சு கிளம்பியது: "கோவிந்தன் வீட்டு ஆந்தை போயிருச்சாம்." ஆந்தை தங்கிய வீட்டில் கெட்டது நடக்காது என்றால், ஆந்தை விட்டுப்போன வீட்டில் என்ன நடக்கும்? அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துத் தோட்டக்காரர்கள். அவர்கள் காதுக்கும் போனது. பரிசம் போட வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரவில்லை.

கோவிந்தன் ஆபீஸ் படியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். "நீங்க சொன்னா கேப்பாங்க, ஐயா. அதெல்லாம் ஒன்னுமில்லைனு ஒரு வார்த்த சொல்லுங்க. எம்பொண்ணு சோறு திங்க மாட்டேங்குது."

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதைச் சொன்னால் நான் விஷம் வைத்தது மேனேஜருக்குத் தெரிந்துவிடும். தாத்தா கதை பொய் என்பது தோட்டத்துக்கே தெரிந்துவிடும்.

"பாக்கலாம், கோவிந்தா," என்றேன்.

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். பிறகு வேலையையும் விட்டான். குடும்பத்தோடு தெமியாங்குக்குப் போய் லாரி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன்.

4. அஞ்சலையும் வாட்ஸ்அப்பும்

ஓய்வு பெற்ற பிறகு அம்பாங்கானில் ஒரு கல்யாணத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொல்லிவிட்டேன். "எலியத் தின்னுதுனு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கனுதான் கதை கட்டினேன், ஆயாம்மா."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட அப்புடி நீங்க சொல்லவே இல்லியே, ஐயா. எலியத் தின்னுதுனு சொல்லியிருந்தா அதையே சொல்லியிருப்பேன். நீங்க சொன்னீங்கன்னுதான நான் சொன்னேன். நான் சொன்னேன்னுதான அவளுங்க நம்புனாளுங்க."

அந்த இலையில் அதற்குமேல் எதையும் நான் தொடவில்லை.

போன மாதம் பழைய தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் ஆந்தைப் படம் போட்டான். கீழே: "சாவு வரும் வீட்டில் ஆந்தை தங்காது. நம் முன்னோர்கள் அன்றே சொன்னது." நிறைய பேர் கைகூப்பியிருந்தார்கள். முன்னோர் நான்தான். அது பொய், கட்டியவன் நான், கோவிந்தன் வீட்டு ஆந்தைகள் என் விஷத்தால் செத்தன என்று எழுதி அனுப்பினேன். "அங்கிள், ஜோக் அடிக்காதீங்க லா," என்று அந்தப் பையன் பதில் போட்டான். அடுத்த நாளும் அதே படம் வேறு யாரோ வழியாகக் குழுவுக்குள் வந்தது. போனைக் கீழே வைக்க முடியாமல் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தனியாக ஒரு செய்தி வந்தது. அனுப்பியவள் கோவிந்தன் மகள் மாலதி.

"எங்க வீட்டுல ஏதோ தோஷம்னு நெனச்சிக்கிட்டேதான் அப்பா செத்தாரு, அங்கிள். அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் போன்ல படிக்கத் தெரியாது. நேர்ல வந்து சொல்லுங்க."

தோட்ட வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதைச் சொல்கிறேன். ஆட்களிடம் ஒன்றை எடுத்துப்போகும்போது உண்மைக் காரணத்தையே சொல்லுங்கள். பெரட்டில் ஒருமுறை சிரித்தார்கள் என்பதற்காக, மற்ற இடத்தில் சொல்லிப் பார்க்காமலே அது எடுபடாது என்று முடிவுகட்டாதீர்கள். உங்களை நம்பித்தான் அது அடுத்த வாய்க்குப் போகிறது. தப்பாகிப்போனால் அன்றைக்கே பெரட்டில் நின்று சொல்லிவிடுங்கள்.

நேற்று தெமியாங் வரை போனேன். தெருமுனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, என்னென்னவோ ஒத்திகை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்று சாயங்காலம் மறுபடி போகிறேன். கோவிந்தன் மனைவி கதவைத் திறந்ததும், உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்: "விஷம் வச்சது நான்தாம்மா."