துரைமார் கொடியும் அப்பாவின் பூசணிக்காயும்

கொடி ஏற்றினால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் கம்பத்தின் அடியைப் பார்ப்பேன். எங்கள் குடியிருப்பில் ஆகஸ்ட் மாதம் கொடி ஏற்றும்போது மகள் முழங்கையால் இடிப்பாள். பலர் நடுவில் வாய் திறக்கக் கூச்சம், அதனால் காரணம் சொன்னதில்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. ஓசூருக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தையும் சேர்த்து வளைத்துத் தொழிற்சாலை வந்திருந்தது. எனக்கு அந்த நிலம் நினைவில் இல்லை. இயந்திரம் பூட்டக் கடல் தாண்டி வந்த துரைமாருக்கு அங்கேயே ஒரு பங்களா. அதில் அப்பாவுக்குத் தோட்ட வேலை கிடைத்தது, நிரந்தரம் ஆகவில்லை. பெரிய துரை ஒரு வார்த்தை சொன்னால் ஆகும் என்று அம்மா வெள்ளிதோறும் விளக்கேற்றினாள்.

ஒரு மார்கழிக் காலை, வேலைக்காரர் வீட்டாரும் வரவேண்டும் என்று துரைசானியம்மா சொல்லி அனுப்பினார். அவர்கள் தேசத்தின் பெரிய நாளாம்.

"ஊருக்குப் போக முடியல, இங்கயே கொண்டாடுறாங்க. அவங்க ஊர்த் திருவிழான்னு வெச்சுக்க" என்றார் கார் ஓட்டும் பெங்களூர் அண்ணன். பிறகு அப்பாவைச் சீண்டினார். "எங்க வேணா கம்பம் நடுன்னு துரை சொன்னாரு. நீ போயும் போயும் நட்ட நடுவுல நட்டுகினு வந்துட்டியே மாமா."

"அங்கதான் மண்ணு கெட்டி" என்றார் அப்பா.

பனி விலகாத புல்வெளியில் துரைமார் கோட்டு போட்டு வரிசையாக நின்றார்கள். எங்கள் கையில் ஆளுக்கொரு காகிதக் கொடி. நான் அம்மாவின் புடவைக்குள் பாதி ஒளிந்துகொண்டேன். கம்பத்தில் கொடி ஏறியது, இசைத்தட்டில் அவர்கள் தேசத்துப் பாட்டு சுழன்றது. ஒருவரும் அசையவில்லை.

பாட்டு முடியவில்லை. பின்கட்டிலிருந்து அப்பா வந்தார். கையில் வெள்ளைப் பூசணி, அதன் தலையில் கற்பூரம் எரிந்தது. கம்பத்தைச் சுற்றி வந்தார். ஓங்கி அடியில் போட்டு உடைத்தார்.

உள்ளே கரைத்து ஊற்றியிருந்த குங்குமத் தண்ணீர் சீறித் தெறித்தது. துரைசானியம்மாவின் வெள்ளை கவுன் முழுக்கச் சிவப்பு. அதைத் தொட்டுப் பார்த்தவர், ரத்தம் என்று நினைத்து அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். யாருடைய கையிலிருந்தோ கண்ணாடிக் குவளை விழுந்து நொறுங்கியது. அத்தனை பெரியவர்கள் ஒரே சமயத்தில் வாயை மூட மறந்ததை அன்றுதான் பார்த்தேன். பாட்டு மட்டும் நிற்காமல் ஓடியது. காகிதக் கொடி என் உள்ளங்கையில் நனைந்து கூழானது.

"போச்சு, வேலை போச்சு" என்றாள் அம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

கார் அண்ணன் ஓடி வந்து, "திஷ்டி சார், பேட் ஐ சார்" என்று உளறினார். பெரிய துரை குழம்பிப்போய்த் தம் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு நேராக அப்பாவிடம் வந்து ஏதோ கேட்டார்.

"எதுக்கு உடைச்சேன்னு கேக்கறாரு. பார்த்துச் சொல்லு மாமா, உன் பொழைப்பு அதுல கீது."

அப்பா உடைந்த பூசணியையே பார்த்தார். "சொந்த மண்ண விட்டு வந்து நிக்கறவங்க. கண்ணு படாம இருக்கட்டும்னு சொல்லுப்பா."

அண்ணன் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். துரை குங்குமம் அப்பிய அப்பாவின் கையை எடுத்துத் தம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண் நனைந்திருந்தது. துரைசானியம்மாவே எழுந்து வந்து எங்களுக்குக் கேக் கொடுத்தார். கவுன் சிவப்பாகவே இருந்தது. அந்த வாரமே வேலை நிரந்தரமானது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, பங்களாக் கதவைத் தாண்டியதும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, ஒரு வார்த்தை கேட்டுட்டு உடைச்சா இன்னா? உசுரே போயிடுச்சு. அவங்க கொடிக்கு அவங்க பார்த்துக்க மாட்டாங்களா?"

அப்பா தோள் துண்டால் கைக் குங்குமத்தைத் துடைத்தார்.

"கொடிக்கு யாரு உடைச்சா? நம்ம களத்துல மாடு கட்டற கம்பம் நின்ன எடம் அது. ராகி அடிக்கற மாசம். கம்பம் நட்டுட்டுப் பூசணி உடைக்காம எப்படி வரது?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். துரை கையைப் பிடித்தாயிற்று, கேக்கும் தின்றாயிற்று, பிறகு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. களம் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். புல்தான் இருந்தது.