இருமல் வெட்டாத பாட்டு

நான் வருவதைக் கண்டால் பாரிசின் லா சப்பலில் தமிழ்க் கடைகளின் ரேடியோ மாறும். மரக்கறிக் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் போனை அவசரமாகத் தடவுவார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஒரு குரல் பாதியில் அறுந்து, எங்கள் நிலையத்தின் விளம்பரம் தொடங்கும். "வாங்கோ அண்ணை, காலமை தொடக்கம் உங்கட ரேடியோதான் ஓடுது" என்பார். ஓடுதாம்! எனக்கென்ன காது செவிடா? ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெரு முழுக்க அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டுதானே நடந்து வந்தேன்.

அந்தச் சிரிப்புக்காரனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நான் ஓர் இணைய வானொலியில் பழைய பாட்டு நிகழ்ச்சி செய்கிறவன். விடியப்புறம் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்துவிட்டு, நேரே நிலையத்துக்கு வந்து, பத்து மணிக்கு மைக்குக்கு முன்னால் இருப்பேன். நிலையம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு பலசரக்குக் கடையின் பின்னறை. சுற்றிவர அரிசி மூட்டைகள் இருப்பதால் எதிரொலி வராது. பாரிசில் பழைய பாட்டு என்றால் நான்தான் என்றிருந்தது. பிறகு அவன் வந்தான். வன்னிப் பக்கத்துப் பொடியன், பின்னேரத்தில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை. ரூ பிலிப்-து-ஜிராரில் வேறு ஒரு நிலையம் திறந்தார்கள். நான் நிகழ்ச்சியை முடித்த கையோடு, பதினொரு மணிக்கு அவன் அங்கே பழைய பாட்டுப் போடத் தொடங்கினான்.

போடுகிறவன் ஒழுங்காகப் போட்டால் பரவாயில்லை. இசையமைத்தவரின் பெயரைப் பாடினவருக்குக் கொடுப்பான். மனைவியைப் பிரிந்தவன் பாடும் பாட்டைக் கலியாண வீட்டுக்கு வாழ்த்தாகப் போடுவான். யாராவது பிழையை எழுதி அனுப்பினால், "ஐயோ அக்கா, நான் குசினிக்காரன். உப்புப் பிழைச்சால் ஏசுங்கோ, இதை மன்னிச்சு விடுங்கோ" என்று கெக்கட்டம் விட்டுச் சிரிப்பான். சனமும் சேர்ந்து சிரிக்கும். என் நிகழ்ச்சியிலோ ஒரு பிழை இருக்காது. பழைய கசெட்டுகளைக் கணினியில் ஏற்றி, கீறல், இரைச்சல், கொரகொரப்பு எல்லாவற்றையும் வெட்டி, கழுவின அரிசி மாதிரி ஆக்கித்தான் போடுவேன். அப்படியிருந்தும் அழைப்பெல்லாம் அவனுக்கு. எனக்கு நிரந்தர நேயர்கள் இரண்டு பேர், அதில் ஒருவருக்குக் காது மந்தம். பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். வயிறு பத்தி எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

எங்கள் ரேடியோக்களில் ஒருவர் பாட்டுக் கேட்பது சின்ன விசயமில்லை. கனடாவில் அண்ணன் குடும்பம், சுவிசில் மாமி, லண்டனில் மச்சாள்மார் என்று எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகுதான் பாட்டின் பெயர் வரும். ஓர் ஆளை விட்டுவிட்டால் பிறகு ஒரு வருசத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் கரைச்சலுக்குள் அறிவிப்பாளரின் சொந்தக்காரரும் நுழைந்தால் உருப்படுமா? அறிவிப்பாளர் தன் வீட்டாருக்குப் பாட்டுப் போடக்கூடாது என்று எங்கள் நிலையத்தில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு மனைவி ஒருமுறை ஒரு பாட்டுக் கேட்டாள். "வீட்டுக்காரிக்குப் போட்டால் சனம் என்ன சொல்லும்?" என்றேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. என் நிகழ்ச்சியைக் கேட்பதும் இல்லை. "உங்கட குரல் வீட்டில கேக்கிறது போதும்" என்பாள். நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். லா சப்பல் முழுக்க அவன் பக்கம் போகட்டும், என் வீட்டுக்குள் அவன் வரவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள், நல்ல குளிர். நிகழ்ச்சி முடிந்து, முதலாளியோடு கொஞ்சம் கதைத்துவிட்டு இறங்கினேன். அந்தச் சிரிப்புக் காதில் விழக்கூடாது என்று குல்லாவைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். மரக்கறிக் கடைக்காரர் என்னைக் கண்டும் ரேடியோவை மாற்றவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். முடிவெட்டும் கடையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒருவர் கை காட்டிச் சிரித்தார். இனி ஒளிக்கவும் தேவையில்லை என்று ஆகிவிட்டதோ என்று எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக் கடைக்குள் போய்க் குல்லாவைக் கழற்றினால், அங்கேயும் அவனுடைய ரேடியோதான். ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணை, இது உங்களுக்கு..." என்று தொடங்கினார் கடைக்காரர்.

"எனக்குத் தெரியாத பாட்டோ? சும்மா இரும்" என்று அவரை அடக்கினேன். ரோல்ஸ் ஒன்றும் பிளேன்டீயும் சொல்லிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரே இரைச்சல். விசரன், அதைக்கூட எடுக்காமல் போடுகிறானே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின் வந்தது. வயலினுக்கு நடுவில் ஒரு பெண் இருமினாள்.

கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தேன். அந்த இருமல் எனக்குத் தெரியும். மனைவி பாரிசுக்கு வந்த முதல் குளிர்காலம், ஒற்றை அறையில் இருந்தோம். இரவல் வாங்கின கசெட் பிளேயரையும் என்னுடையதையும் முகத்துக்கு முகம் வைத்துப் பாட்டுப் பதிவேன். இரண்டையும் பொருத்த வயர் இல்லை, அறைச் சத்தமும் சேர்ந்து பதியும், ஆகவே அறையில் ஒருவரும் மூச்சுக் காட்டக்கூடாது. சளியும் தடிமனும் பிடித்திருந்த அவள் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தாள். அந்த வயலினில்தான் தாங்காமல் இருமினாள். "பாட்டைக் கெடுத்துப்போட்டீர்" என்று பேசினேன். பிறகு நிலையத்துக்காகக் கணினியில் ஏற்றும்போது முதல் வேலையாக அந்த இருமலை வெட்டி எறிந்து, முன்னால் வந்த வயலின் துண்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன். ஒட்டு எவருக்கும் தெரியாது. இருமலோடு அந்தப் பாட்டு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. பொபினியில், எங்கள் வீட்டு அலுமாரியில், பிஸ்கட் டின்னுக்குள்.

கார் து நோரில் மெட்ரோ ஏறினேன். பொபினி வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் வீட்டுக்கு வந்தானா? இவள் அவனிடம் போனாளா? என் கசெட், என் பாட்டு, என் மனைவியின் இருமல். எல்லாம் அந்தக் கோதாரி விழுந்தவன் கையில்.

கதவைத் திறந்தால் குசினிக்குள்ளிருந்து அதே சிரிப்பு. போன் சன்னல் விளிம்பில் இருந்தது. மனைவி அதை நிறுத்தக்கூட இல்லை, குரலை மட்டும் குறைத்தாள்.

"ஆர் அவனுக்குக் கசெட் குடுத்தது?"

"நான்தான்."

"எவ்வளவு காலமா உவன்ர ரேடியோ கேக்கிறீர்?"

"அவன் தொடங்கின நாள் தொடக்கம்."

இடி விழுந்தாலும் தாங்கியிருப்பேன். "உவன் சொல்லுறது எல்லாம் பிழையெண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கத்தினேன்.

"தெரியாமல் என்ன? நான்தானே ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில திருத்தி அனுப்புறனான். இவ்வளவு காலமா உங்களிட்டக் கேட்டுப் பாடமாக்கினதை நான் வேற ஆருக்குச் சொல்லுறது?"

பிழை எழுதி அனுப்பும் அந்த அக்கா! அவன் கெக்கட்டம் விட்டுச் சிரித்தது இவளோடு. நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன். சத்தம் கேட்டு மகள் அறையிலிருந்து வந்தாள். இங்கே பிறந்தவள், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். "பப்பா, எகூத்" என்றாள். அப்பா, கேளுங்கள் என்று அர்த்தம். தன் போனை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பாட்டுக்கு முதல் அவன் சொன்னதை அவள் பதிந்து வைத்திருந்தாள்.

சிரிப்பில்லாத அவன் குரலை அன்றுதான் கேட்டேன். "பொபினியில இருந்து ஒரு அக்கா, தன்ர அவருக்காக இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறா. இண்டைக்கு அவையின்ர கலியாண நாள். அவரை உங்களுக்கும் தெரியும். எனக்கு முந்தின மணித்தியாலத்தில பழைய பாட்டுப் போடுற அண்ணைதான். அண்ணை, இடையில ஒரு இருமல் வரும். வெட்டிப்போடாதை தம்பி எண்டு அக்கா சொன்னவ."

கலியாண நாள். எனக்கு ஞாபகமே இல்லை. மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டியைக் கிளறினாள்.

"திரும்பப் போடு" என்றேன் மகளிடம். போட்டாள். பாடினவர் பேரில்லை, படத்தின் பேரில்லை. பிழை பிடிக்க ஒரு சொல் கிடைக்கவில்லை. இவ்வளவு காலம் மைக்குக்கு முன்னால் இருந்து நான் எத்தனை பேரின் வாழ்த்தை வாசித்திருப்பேன்! ஒன்றைக்கூட இப்படிச் சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு, அவனுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, கட்டுப்பாடும் மண்ணாங்கட்டியும் என்று, அந்தப் பாட்டை இருமலோடு நானே போட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, பிஸ்கட் டின்னைத் துழாவினேன்.

"கசெட் எங்கை?" என்றேன்.

"அவனிட்டைதான் கிடக்கு" என்றாள் மனைவி, திரும்பாமலே. "போய்க் கேளுங்கோவன். கேட்டால் அவன் இல்லையெண்டு சொல்லமாட்டான்."