திருப்பி எடுத்த கையெழுத்து

மார்ச்சில், சுவிட்சர்லாந்தின் ஓல்டனுக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியில் புதிய பிரஷர் மருந்தின் ஆய்வுக்குக் கையெழுத்திட்டுச் சேர்ந்தேன். ஏப்ரலில் அந்த மருந்துக் குளிசை போட்டாலே தலை சுற்றியது. இடையில் விலகினால் வதிவிட பெர்மிட் புதுப்பிக்கும்போது பிரச்சினை வரும் என்று பயந்து, ஆஸ்பத்திரியில் கேட்டபோதெல்லாம் "சுகம்" என்றேன்.

ஜூன் பரிசோதனைக்கு மனைவியும் வந்தாள்.

"பொய் சொல்லுறார் டொக்டர். நிண்டாலே ஆடுறார்."

ஆய்வு மருத்துவர் இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளை.

"ஏன் அங்கிள் மறைச்சனீங்கள்? இதை அறியத்தானே ஆய்வே நடக்குது!"

"விலகினால் பெர்மிட்..."

"இது ஆஸ்பத்திரி, பொலிஸ் இல்லை. இண்டைக்கே விலகலாம். காரணமும் சொல்லத் தேவையில்லை."

"உண்மையாவோ?"

"ஓம் அங்கிள்."

அன்றே விலகினேன். அகதி விண்ணப்பம் முதல் இந்த நாட்டில் எத்தனையோ கையெழுத்துகள் வைத்திருக்கிறேன். திருப்பி எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னது அந்த ஒன்றைத்தான்.