கரண்ட் பெட்டியும் ஓர் அறையும்

என் வலது கை ஐந்து மாதம் செத்துக் கிடந்தது. முழங்கை வரை ஒரு குறையும் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழேதான் ஈரத்துணி போலத் தொங்கும். விரல்களை மடக்கலாம், விரிக்க முடியாது. சோறு குழைக்க முடியாது. கும்பிடப் போனால் நிமிர்ந்து நிற்கும் இடது கைக்கு முன்னால் வலது கை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். இடது கையால் திருநீறு பூச மனம் ஒப்பவில்லை. மனைவிதான் பூசிவிட்டாள்.

இதைச் செய்தவன் என் அடுத்த காணிக்காரன். ஓமந்தைக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே லொறியில் சாமான் ஏற்றி வந்தவர்கள்தான். அன்று விடியக் காலையில் தண்ணீர் முறை என்னுடையது. அவன் வாய்க்காலை மண்ணும் புல்லும் போட்டு அடைத்து, தன் வயலுக்குத் திருப்பியிருந்தான். நான் குனிந்து அடைப்பை வெட்டினேன். அவன் மண்வெட்டிப் பிடியால் என் மேற்கையில் போட்டான்.

அடியைக்கூட மறந்திருப்பேன். ஊர் அதிகாரியான விதானையார் விசாரிக்க வந்தபோது அவன் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை.

“நான் ஏன் ஐயா அடிக்கிறன்? அண்ணை வரம்பில வழுக்கி விழுந்தவர். நானெல்லோ தூக்கி விட்டனான்.”

இதை என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான். எனக்குச் சாட்சி இல்லை. விதானையார் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே பாலை மரத்தடி வைரவர் சூலத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். “கையைத் தா. எல்லாரும் பார்க்க அவனுக்கு ஒரே ஒரு அறை. அதுக்குப் பிறகு வேண்டுமென்றால் திருப்பி எடு.” தெய்வத்திடம் கேட்கக்கூடிய வரமா இது என்று யோசிக்கவில்லை. வெள்ளிக்கு வெள்ளி அதையே கேட்டேன்.

நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் எண்ணெய் ஒரு மாதம் பூசியும் கை அசையவில்லை. வவுனியாவில் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் கரண்ட் பெட்டி வைத்து வைத்தியம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பக்கம் லைட் வராத காலம். மனைவி பயந்துவிட்டாள்.

“கரண்ட் அடிச்சுச் செத்தவையைத்தான் கேள்விப்பட்டிருக்கிறன். கரண்ட் அடிச்சு எழும்பினவையும் இருக்கினமோ?”

போனேன். பிஸ்கட் பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி, உள்ளே பற்றரிகள், இரண்டு வயர். வயர் நுனியில் துணி சுற்றிய தகடுகள். அப்போதிக்கரி அவற்றை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒன்றை மேற்கையிலும் மற்றதை முன்கையிலும் வைத்துப் பித்தானை அமத்தினார். என் கை துள்ளி நிமிர்ந்தது. விட்டார், தொங்கியது. மறுபடியும் அமத்தினார், நிமிர்ந்தது. என் சொல் கேளாத கை அவர் பித்தானுக்குப் பணிந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

“சந்தோசப்படாதையும்,” என்றார். “துள்ளுறது கரண்ட். உம்மட நரம்பு இன்னும் நித்திரை. அது எழும்புமட்டும் சதை வத்தாமல் பாக்கிறதுதான் பெட்டியின்ர வேலை.”

“எழும்புமோ ஐயா?”

“அறுந்திருக்காட்டி எழும்பும். இந்தக் கையால முதல்ல என்ன செய்யவேணும் உமக்கு? அதுக்கேத்த மாதிரித்தான் பயிற்சி சொல்லுவன்.”

“கும்பிட வேணும்.”

“அப்ப மணிக்கட்டு நிமிரவேணும்.”

அறைவதற்கும் அதுதான் நிமிர வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை.

கிழமைக்கு இரண்டு தரம் பஸ் பிடித்துப் போய் வந்தேன். மற்ற நாட்களில் வீட்டில் தவிட்டுச் சாக்கை நிறுத்தி வைத்து அதற்கு வீசுவேன். செத்த கை சாக்கில் பட்டு மடங்கும். திரும்பவும் வீசுவேன்.

“இஞ்சேருங்கோ, தவிட்டுச் சாக்கு உங்களுக்கு என்ன செய்தது?” என்றாள் மனைவி.

பெட்டி இல்லாமல் மணிக்கட்டு முதல் தரம் ஒரு விரற்கடை உயர்ந்த அன்று சாக்கைக் கட்டிப் பிடித்தேன். ஐந்தாம் மாத முடிவில் கை முழுக்க நிமிர்ந்தது. எல்லாரும் கூடும் ஒரு நாளுக்குக் காத்திருந்தேன்.

அப்போதிக்கரி வீட்டில் ஒரு பெண்ணும் வைத்தியத்துக்கு வருவாள். அவளுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து, ஒரு கண் மூடாமல் இருந்தது. சின்னத் தகட்டால் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே அவர் சொல்வார்: “இதும் நரம்பு வருத்தம்தான். ஆக்கள் பேய் அறைஞ்சதெண்டு நூல் கட்டிக்கொண்டு நாளைப் போக்கிப்போடுவினம். கெதியா வந்தால் சுகப்படுத்தலாம்.”

ஆகவே ஒரு காலை என் அடுத்த காணிக்காரனுக்கு வாய் கோணி, கண் மூடாமல் போனபோது அது என்னவென்று எங்கள் பகுதியில் எனக்கு மட்டும்தான் தெரியும். இடது கன்னம். என் வலது கைக்கு நேரே வருகிற, நான் ஐந்து மாதமாகக் குறி வைத்திருந்த கன்னம்.

முதலில் சந்தோசம் வந்தது. பின்னாலேயே வைரவர் மேல் கோபம் வந்தது. நான் கேட்டது கையை. என் அறையை அவர் ஏன் அறைந்தார்?

சனம் வேறு கதை கட்டிவிட்டது. வெள்ளிதோறும் சூலத்துக்கு முன்னால் என் வாய் முணுமுணுத்ததைக் கண்டவர்கள், நான்தான் வைரவரை ஏவிவிட்டேன் என்றார்கள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் கஞ்சி குடிக்கக் குடிக்கக் கடைவாயால் வடிவதை வரம்பில் நின்று பார்த்தேன். நல்ல காட்சியாக இருந்தது.

“உங்களுக்குத் தெரியும்தானே,” என்றாள் மனைவி. “வவுனியாவுக்குப் போகச் சொல்லுங்கோவன்.”

“வழுக்கி விழுந்திருப்பான்.”

அவள் தவிட்டுச் சாக்கைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள் அவன் மனைவி வேலிப் படலையில் வந்து நின்று அழுதாள். “அண்ணை, கட்டினதை அவிழ்த்து விடுங்கோ. அந்த மனுசனுக்குக் கண்ணை மூடி நித்திரை கொள்ளவும் ஏலாமல் கிடக்கு.”

நான் ஒன்றும் கட்டவில்லை, தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வேறு வந்தது.

“வெள்ளிக்கிழமை பூசைக்குக் கூட்டிக்கொண்டு வா. வைரவர் அறைஞ்ச இடத்தில மனுசக் கை ஒருக்கால் அறையவேணும். அப்பதான் எடுபடும்.”

தெய்வத்தின் பெயரில் நான் சொன்ன பெரிய பொய் அது. இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். பூசை முடிந்ததும் அவன் என் முன்னால் வந்து நின்றான். மூடாத கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

“செய்ததைச் சொல்,” என்றேன்.

“நான்தான் அடிச்சனான். மண்வெட்டிப் பிடியால.” பாதி வாயால் காற்றுப் போனது.

“பலமாச் சொல். கடைசியில நிக்கிறவைக்குக் கேக்கேல்லை.”

சொன்னான். என் மணிக்கட்டு நிமிர்ந்தது. அறைந்தேன். பித்தானும் இல்லை, வயரும் இல்லை. ஐந்து மாதச் சாப்பாடு, திருநீறு, கும்பிடு எல்லாவற்றுக்கும் சேர்த்து அறைந்தேன். அவன் இரண்டடி தள்ளிப்போய் மரத்தைப் பிடித்தான்.

நான் மூச்சு வாங்கி முடியவில்லை. அவன் திரும்பி வந்து கன்னத்தை நீட்டினான்.

“காணுமோ அண்ணை? இன்னும் ஒண்டு போட வேணுமோ?”

பகிடி இல்லை. உண்மையாகக் கேட்டான். என் மனைவி கூட்டத்துக்குள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன்: “நாளைக்கே வவுனியாவுக்குப் போ. மிச்சத்தைக் கரண்ட் பெட்டி எடுக்கும்.”

போனான். இரண்டு மாதத்துக்குள் அவன் முகம் நேராகிவிட்டது. அப்போதிக்கரியைப் பற்றி அவன் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. “அண்ணை கை வைச்சவர், எடுபட்டுது,” என்றுதான் கடைத்தெரு எல்லாம் சொல்லித் திரிந்தான். ஒருவன் மேல் கை வைத்தான் என்றால் அவனை அடித்தான் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். அந்தச் சொல்லையே அவன் எனக்கு மாற்றிப் போட்டுவிட்டான்.

ஒருநாள் ஒரு வாழைக்குலையோடும் தன் மச்சானோடும் வந்தான். மச்சானுக்குத் தோள் பிடித்துக் கை மேலே எழும்பவில்லையாம்.

“அண்ணை, இவனுக்கும் ஒருக்கால்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “எடேய், நான் உன்னைப் பழிக்குத்தான்டா அறைஞ்சனான்! உன்ர பல்லு உதிரவேணும் எண்டுதான் அறைஞ்சனான்!”

அவன் நேரான வாயால் சிரித்து, மச்சான் பக்கம் திரும்பினான். “பாத்தியே? தன்ர வாயால சொல்லவே மாட்டார். சேட்டைக் கழட்டு.”

மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் காட்டினான். அடுத்த காணிக்காரன் பக்கத்தில் கைகட்டி நின்றான். என் கை தானாகவே நிமிர்ந்துவிட்டது. அறைய வேண்டியது யாரை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் அதற்கும் ஒரு குலை கொண்டுவந்து தருவான்.