கைக்குட்டையில் நான்கு சீன எழுத்துகள்

14 மார்ச் 1938, பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வானில் மேகமில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளங்கள் வெயிலில் நீர்போல அசைகின்றன. திண்டிவனம் ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம். சீன மரபுத்தொடர்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் புத்தகத்தைப் பிரிக்கிறேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு தொடர்கள்.

வேர்க்கடலையை ‘மல்லாட்டை’ என்று கூவி விற்கும் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து பட்டுக் கைக்குட்டை ஒன்றை எடுக்கிறாள். அதிலும் சீன எழுத்துகள், நான்கு.

“இதுல இன்னா எழுதியிருக்குதுங்க ஐயா? ஊட்டுக்காரரு பினாங்குல இருக்காரு. இந்த மாசம் கடுதாசி இல்ல, இது மட்டும் பார்சல்ல வந்துது. ஒரே பேஜாரா இருக்குது.”

கடைசித் தொடர் வரை ஒப்பிட்டும் அகப்படவில்லை.

“திருப்பிப் புடிச்சித்தான் பாருங்களேன். தல எது கால் எதுன்னு எனக்கு மட்டும் தெரியுமா?” என்று சிரிக்கிறாள்.

திருப்பிப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து பார்க்கிறேன். கோடுகளை எண்ண எண்ண அவை கொடியாக, அலையாக, கப்பலாக மிதக்கின்றன. நடுவில் எங்கோ ஒரு விசில் கேட்கிறது.

நூற்று முப்பத்தேழாவது! ஊருக்குப் புறப்படுகிறவரை வழியனுப்பும்போது சொல்வது. பயணம் முழுக்க நலமாக அமையட்டும் என்று பொருள்.

“அப்ப அவர வழியனுப்பிட்டாங்க! பொறப்பட்டுட்டாரு, அதான் கடுதாசி போடல!”

இத்தகைய கைக்குட்டை கடையிலும் கிடைக்கும் என்று சொல்ல வாய் திறக்கிறேன். அவளோ கப்பல் நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஆறில் தடுமாறுகிறாள்.

“ஏழு,” என்கிறேன்.

மல்லாட்டைக்குக் காசு வாங்க மறுக்கிறாள். ரயில் போய்விட்டது. திண்டிவனத்துக்குப் பஸ் கட்டணம், ஏழணா.