நான்காவது திருகு

லியோகாதியா எந்தப் போத்தலின் மூடியையும் தன் கையால் திறக்கமாட்டாள். ஏழு வருடமாகப் பார்த்துவருகிறேன். எண்ணெய்ப் போத்தலானாலும் வெந்நீர்க் குடுவையானாலும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் நீட்டிவிடுவாள். யாரும் இல்லையென்றால் காத்திருப்பாள். ஒருமுறை என் வீட்டில் மருந்துப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, நான் சந்தையிலிருந்து திரும்பும்வரை இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கை வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். அவளுக்குக் கையில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்; மூடியைத் திரும்ப வலப்புறம் திருகி மூடுவது அவளேதான்.

குஸ்கோ நகரத்தில் எலும்பு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு விடுதி இருக்கிறது. மலையிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவரும் தாய்மார் அங்கேதான் மாதக்கணக்கில் தங்குவார்கள். நான் அங்கே படுக்கை விரிப்பு துவைக்கிறவள். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. அதிகம் பேசமாட்டேன். துவைக்கிறவளை யாரும் கவனிப்பதில்லை என்பதால் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

லியோகாதியா யானகோச்சாவிலிருந்து வந்தாள். என் ஊருக்கு மேலே, கம்பளிக்கு வளர்க்கிற அல்பாக்கா மட்டும் மேய்கிற உயரம். முதுகுத் துணியில் ஏழு வயதுப் பெண் நெலிதா இருந்தாள். மூன்று வயதில் கல்சுவரிலிருந்து விழுந்து இடது கால் முறிந்திருக்கிறது. ஊர் வைத்தியன் கட்டினான். உள்ளே சீழ் பிடித்து, எலும்பு ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தது. முழங்காலுக்குக் கீழே வில் மாதிரி வளைந்து, மற்றக் காலைவிட நான்கு விரல் குட்டையாகிவிட்டது. அந்தப் பிள்ளை நண்டு போல் நடந்தாள்.

டாக்டர் பெனவெந்தே கால் எலும்பை ஓர் இடத்தில் வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் பொருத்தினார். தோலைத் துளைத்து மெல்லிய கம்பிகள் எலும்புக்குள் போயின. வளையங்களை நீளத் தண்டுகள் இணைத்தன. தண்டுகளில் நட்டு. ஒவ்வொரு நட்டையும் காலை, மதியம், பிற்பகல், அந்தி என்று நாளுக்கு நான்கு தடவை, தடவைக்குக் கால் சுற்று வலப்புறம் திருக வேண்டும். வெட்டின இடம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலகும். விலகின இடத்தில் புது எலும்பு ஊறும். அந்த ஸ்பானரைத் தாயின் கையில்தான் கொடுப்பார்கள்.

முதல் நாள் லியோகாதியாவுக்கு ஸ்பானர் நட்டில் உட்காரவே இல்லை. நழுவிக்கொண்டே இருந்தது.

"மலைக்காரிக்கு ஆட்டுக் கொம்பத் திருகித்தான் பழக்கம் போல" என்றாள் திரினி. அவள் பூனோக்காரி. மகனோடு நான்கு மாதமாக அங்கே இருந்ததால் விடுதிக்கே தான் எஜமானி என்கிற நினைப்பு.

"ஒனக்கு வாயத் திருகி வெக்க ஒரு நட்டு கேளு டாக்டர்கிட்ட" என்று கட்டிலிலிருந்தே சொன்னாள் நெலிதா. அந்தப் பிள்ளைக்கு வாய் அப்படி.

லியோகாதியா சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்க முடியாத ஒரு காரணம் இருந்தது. ஆபரேஷனுக்குத் தாய் தகப்பன் இரண்டு பேர் கைநாட்டும் வேண்டும். அவள் புருஷன் அனாக்லெத்தோ இரண்டு நாள் பயணம் செய்து வந்து கட்டைவிரல் வைத்துவிட்டு, போகும்போது சொன்னானாம்: "ஒரு தடவ வெட்ட விட்டேன். இன்னொரு தடவ கத்தி வெக்கணும்னா புள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துடு." இதை அவள் என்னிடம் விரிப்பு காயப்போடும் இடத்தில் சொன்னாள். பாதியில் விட்டால் கால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வளைந்த காலிலாவது நடக்கலாம். வெட்டிப் பாதியில் நின்ற காலில் அதுவும் முடியாது.

முதல் மூன்று நாள் காலைத் திருகுக்கு மட்டும் நர்ஸ் கூடவே நின்று பார்த்தாள். பிறகு சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். நாளுக்கு நான்கு கட்டம். ஒவ்வொரு திருகுக்கும் லியோகாதியா ஒரு கோடு போடுவாள். ஒரு கட்டம்கூட வெறுமையாக இருந்ததில்லை.

நான் அந்தியில்தான் விரிப்பு மாற்றப் போவேன். அப்போது அவள் நான்காவது தடவை திருகிக்கொண்டிருப்பாள். ஸ்பானரை இடப்புறம் திருப்புவாள். நான் பார்த்தேன். ஒரு நாள் அல்ல, பல நாள்.

எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் துணிக்கு நூற்கும் நூலை வலப்புறம் முறுக்குவோம். நோய்க்கு மட்டும் இடப்புறம் முறுக்கிய நூல். பிரசவத்தில் கிடக்கிறவளின் மணிக்கட்டிலும், காய்ச்சல்காரப் பிள்ளையின் கணுக்காலிலும் அதைத்தான் கட்டுவோம். செய்யப்பட்டதை இடப்புறம்தான் அவிழ்க்கும். டாக்டர் சொன்ன மூன்றை வலப்புறம் திருகிவிட்டு, பொழுது சாயும்போது நோய் அவிழ ஒன்றை இடப்புறம் திருகுகிறாள், தாய் செய்கிற காரியம், என்று நினைத்துக்கொண்டு விரிப்பைச் சுருட்டி எடுத்துப் போனேன்.

பதினைந்தாம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். எங்கள் மலைமொழியான கெச்சுவா தெரிந்த நர்ஸ் விடுப்பில் போயிருந்ததால் துவைக்கும் இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். பிறகு என்னிடம் ஸ்பானிஷில் சொன்னார்: "பதினாலு மில்லி விலகியிருக்கணும். ஏழுதான் விலகியிருக்கு. எலும்பு மூட ஆரம்பிச்சிடுச்சு. மூடிட்டா மறுபடி வெட்டணும். எத்தன தடவ திருகாம விட்டாங்கன்னு கேளுங்க."

நான் லியோகாதியாவிடம் கேட்டேன்.

"ஒரு தடவகூட விடல" என்றாள். "தாளப் பாக்கச் சொல்லு."

"தாளப் பாத்துட்டேன்" என்றார் டாக்டர். "தாள்ல யார் வேணும்னாலும் கோடு போடலாம்."

இதையும் நான் கெச்சுவாவில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தித் திருகு நினைவுக்கு வந்தது. மூன்று முன்னால் போய் ஒன்று பின்னால் வந்தால் மிஞ்சுவது இரண்டு. நாலில் பாதி. பதினாலில் பாதி ஏழு. எனக்குக் கணக்கு வராது, அன்றைக்கு மட்டும் வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. லியோகாதியா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் நாளைக் காலை மறுபடி பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

துவைக்கும் கல்லுக்கு அவள் என் பின்னாலேயே வந்தாள்.

"என்னமோ மறைக்கிற, செவெரினா. கால எடுத்துடுவாங்களா? அதச் சொன்னாரா?"

"இல்லக்கா. அந்தியில திருகுறியே, இடப்பக்கம். அதுதான்."

"அது நோய்க்கு."

"தெரியும். ஆனா நட்டுக்கு அது தெரியாதுல்ல. மத்தியானம் விலகினத நீ அந்தியில திரும்ப மூடிட்டு வந்திருக்க."

அவள் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேரே உள்ளே போனாள். நான் போய்ப் பார்த்தபோது முதுகுத் துணியைத் தரையில் விரித்து, வறுத்த சோளத்தையும் பிள்ளையின் கம்பளிச் சட்டையையும் அதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறோம்?" என்றாள் நெலிதா.

"வீட்டுக்கு."

"இந்த இரும்போடயா?"

லியோகாதியா துணியின் முனைகளை இழுத்து முடிந்தாள்.

"அல்பாக்கா என்னப் பாத்தா ஓடிடும்மா" என்றாள் பிள்ளை. பிறகு அவளுக்கும் ஏதோ புரிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

திரினி எதிர்க் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். "இப்பப் போனா அது செத்த கால்" என்றாள். "மலைக்காரின்னு திட்டுவாரு, அவ்வளவுதானே. நான் நாலு மாசமாத் திட்டு வாங்குறேன். தின்னுட்டு இன்னும் குண்டாத்தான் இருக்கேன். போ, போய்ச் சொல்லு."

மறுநாள் காலை போனோம். நான்தான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, டாக்டர் இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டார். அவர் திட்டவில்லை. ஸ்பானரை எடுத்து மேஜைமேல் வைத்து, "எப்படித் திருகினாங்கன்னு செஞ்சு காட்டச் சொல்லுங்க" என்றார். லியோகாதியா காற்றில் செய்து காட்டினாள். வலம், வலம், வலம், இடம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னிலேருந்து ஒரு நாளைக்கு ஆறு. ஆறும் வலப்பக்கம். அஞ்சு நாள் பாப்போம். எலும்பு விட்டுக் கொடுத்தா சரி. இல்லன்னா வெட்டணும்."

லியோகாதியா என் காதில் கேட்டாள்: "அப்ப நோய் எப்படி அவுழும்?"

அதை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. நூலை மணிக்கட்டில் கட்டலாமா என்று மட்டும் கேட்டேன். கம்பி பக்கம் போகாமல் எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்றார். அன்று மதியம் முழுதும் அவள் முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தக்களியை இடப்புறம் சுழற்றி வெள்ளையும் கறுப்புமாக நூல் முறுக்கினாள். பிள்ளையின் இரண்டு கையிலும் கட்டினாள். மிச்சத்தை என் கையில் கட்டினாள்.

அந்த நாட்களில் விடுதியில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஆறு தடவையும் நான் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றேன். அவள் ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானரை வைத்து என்னைப் பார்ப்பாள். "வலம்" என்பேன். திருகுவாள். இரண்டாம் நாளே பிள்ளை சூப்பை ஒதுக்கிவிட்டாள். மூன்றாம் நாள் நட்டு கல்லாக இறுகியது. ஸ்பானரைப் பிடிக்கும்போது லியோகாதியாவின் மணிக்கட்டு நரம்பு புடைத்தது. அனாக்லெத்தோ ஊர்ப் பள்ளி போனிலிருந்து கூப்பிட்டான். "எல்லாம் சரியாப் போகுது" என்று அவள் சொன்ன பொய்யை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

நான்காம் நாள் பிற்பகல், ஐந்தாவது திருகு. உலர்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் காலுக்குள்ளிருந்து வந்தது. எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு நெலிதாவின் அலறல். ஸ்பானர் தரையில் விழுந்து உருண்டது.

"ஒடச்சிட்டேன்" என்றாள் லியோகாதியா. "என் கையால ஒடச்சிட்டேன்." அதையே சொல்லிக்கொண்டு பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினாள். காலிலிருந்த இரும்பு, கதவில் இடித்தது. நான் பின்னால் ஓடினேன், செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே அவள் தரையில் மண்டியிட்டுத் தன் வலது கையை இடது கையால் அடித்துக்கொண்டாள். நான் பிடித்து நிறுத்தவில்லை. எனக்கும் அந்த எண்ணம்தான், எலும்பு போய்விட்டது என்று. பிள்ளையின் சத்தம் உள்ளே மெல்ல மெல்லக் குறைந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். "விட்டுடுச்சு" என்றார். மூடியிருந்த எலும்பு பிளந்துவிட்டது. அதைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார், சத்தம் வரும் என்று எங்களிடம் சொல்லத் தோன்றவில்லை. இனி வெட்ட வேண்டாம். ஆனால் இறுகி இருந்தது ஒரேயடியாக விட்டதால் இடைவெளி அளவுக்கு மிஞ்சிப்போயிற்று.

"கொஞ்சம் பின்னால கொண்டுவரணும். நட்டுக்கு எட்டுக் கால் சுற்று, இடப்பக்கம்."

நான் சொன்னேன். லியோகாதியா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவரே செய்யட்டும். நான் தொடமாட்டேன்."

அவரே செய்தார். அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

அதற்குப் பிறகு இன்னும் ஐந்து வாரம் நாளுக்கு நான்கு. அவள்தான் திருகினாள். வேறு யார் செய்வது. ஒவ்வொரு தடவையும் நான் வலம் என்று சொன்ன பிறகே கை அசைந்தது. புது எலும்பு இறுக ஆறு மாதம் ஆயிற்று. இரும்புச் சட்டத்தைக் கழற்றிய அன்று நெலிதாவின் கால் நேராக இருந்தது, நீளமும் மற்றக் காலுக்கு ஒரு விரல்தான் குறைவு. லியோகாதியா ஸ்பானரை நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினாள், வெகுநேரம் கழுவினாள்.

நெலிதாவுக்கு இப்போது பதினான்கு வயது. கால் நேராகவே இருக்கிறது. ஆனால் சீழ் தின்ற பக்கம் எலும்பு வளர்வதில்லை, அதனால் மற்றக் கால் வளர வளர இது மூன்று விரல் பின்தங்கிவிட்டது. மறுபடி வெட்டி நீட்ட வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். லியோகாதியா கட்டைவிரல் வைத்துவிட்டாள். அனாக்லெத்தோ இன்னும் வைக்கவில்லை.