பீரோவில் பூட்டிய பொம்மைகள்

டொராண்டோவில் எங்கள் தெரு நூலகத்தில் புத்தகத்தோடு பொம்மையும் இரவல் தருகிறார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் இலவச விளையாட்டும் உண்டு. அங்கிருந்து எடுத்துவந்த மர ரயிலின் சக்கரத்தை என் நான்கு வயது மகள் நிலா உடைத்துவிட்டாள். பயந்துகொண்டே திருப்பிக் கொடுத்தேன். "ஓ, ஷி ரியலி ப்ளேட் வித் இட்!" என்று, நன்றாக விளையாடியிருக்கிறாளே என்பதுபோல், சிரித்தாள் நூலகப் பெண். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து மூன்று முறை ஸாரி சொன்னேன். அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அந்த ஜூலையில் ஊருக்கு வந்தேன். படாளத்திலிருந்து உள்ளே தள்ளி, கரும்பு வயலை ஒட்டிய காலனி எங்களுடையது. அண்ணி செல்வி தன் மகள் யாழினியைப் பால்வாடியில் விடப் போனபோது நிலாவும் நானும் கூடப் போனோம். இருபது பிள்ளைகள் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி பீரோவுக்குள் மரக்கட்டைகள், பொம்மைகள், படப் புதிர்கள். எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கென்று இலவசமாக வந்தவை. பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இதெல்லாம் எப்பக்கா குடுப்பீங்க?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"குடுத்தா ஒடச்சிடும்ங்க. அப்பால ஆபீசர் வந்தா இன்னாத்த காட்டுறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானும் இதே அறையில் கைகட்டி உட்கார்ந்தவள்தான். காலனிப் பிள்ளைகளுக்கு வந்ததை யாரோ பத்திரப்படுத்துவது எனக்குப் புதிதில்லை. புதிதில்லை என்பதே கோபத்தை இன்னும் கிளறியது.

"புள்ளைங்களுக்கு வந்தத புள்ளைங்க தொடக் கூடாதா? தொறங்கக்கா!" என்று கத்தினேன்.

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். உறைகளை நானே கிழித்துக் கட்டைகளைத் தரையில் கொட்டினேன். நிலா பாய்ந்தாள். மற்ற பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நேரே பார்த்தார்கள். யாழினி மெல்லக் கேட்டாள்:

"அத்த, ஆபீசர் வந்துட்டாங்களா?"

ஆபீசர் வரும் நாளில் போட்டோவுக்கு அப்படி உட்காரப் பழக்கியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு விளையாடத் தெரியவில்லை, விளையாடுவதுபோல் நடிக்கத் தெரிகிறது. இதை எந்த முகத்தோடு கல்வி என்கிறோம்?

வெளியே வந்ததும் செல்வி என் கையைப் பிடித்தாள். "வுட்டுடும்மா. நீ அடுத்த வாரம் ஃபிளைட்டு ஏறிடுவ. நாங்கதான் இங்க கீறோம்."

நான் விடவில்லை. அன்றே மனு எழுதி, மறுநாள் அவளையும் இழுத்துக்கொண்டு பால்வாடிகளைக் கவனிக்கும் வட்டார அலுவலகத்துக்குப் போனேன்.

"ஒங்க கொயந்த அங்க வருதா?" என்றார் குமாஸ்தா.

"இல்ல, அண்ணன் பொண்ணு."

"ரேஷன் கார்டுல ஒங்க பேரு இருக்குதா?"

"எடுத்துட்டாங்க."

"அப்ப நீங்க இன்னாத்துக்கு குடுக்குறீங்க?" மனுவைத் தள்ளிவிட்டார். நேற்று அத்தனை கத்திய நான் அதை மடிக்கப் போனேன்.

செல்விதான் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். "அது என் பொண்ணு சார். நான் போடுறேன்." என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

இப்போது காலையில் ஒரு மணி நேரம் பீரோ திறக்கிறதாம். டீச்சர் செல்வியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு என்று நான் இங்கிருந்து போனில் பொரிகிறேன். முத்திரை குத்திய மனுவின் நகலை அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். மேலிருந்து கீழ்வரை என் எழுத்து. அடியில், கோடு போட்டு அடித்த என் பெயருக்குப் பக்கத்தில், அவள் பெயர்.